கழித்தல் 9999

முதலில் கோப்புகளுக்குப் பெயர் மாற்றினேன்.
‘மழை_புதுசு’, ‘மழை_புதுசு_சரி’, ‘மழை_இதுதான்_கடைசி’,
கடைசிக்கும் பிறகு வந்த ‘மழை_கடைசி_2’.
பண்டாரவளை டவுனில் பேக்கரிக்கு மேல்மாடி.
கரண்ட் இருக்கிற நேரத்துக்குள்
குருவிக்கொல்லைத் தோட்டத்து மலை ஒன்றை
நான் திரையில் கட்டி எழுப்ப வேண்டும்.

ஆண்டு, மாதம், நாள், மணி.
ஒற்றை எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம்,
இல்லாவிட்டால் பத்தாம் நாள்
இரண்டாம் நாளை முந்திக்கொள்ளும்,
சரிந்த மண் திரும்ப மேலே ஏறும்.
ஒரு தடவை அப்படி ஏறிப் பார்த்தேன்.
சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

கிழக்குக்கு ஒரு நிரல், வடக்குக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று.
துளை போட்டவர்கள் ஆழத்தைக் கீழ்நோக்கி எண்ணியிருந்தார்கள்,
ட்ரோன் விட்டவர்கள் கடல் மட்டத்திலிருந்து மேல்நோக்கி.
அப்படியே சேர்த்ததில்
களிமண் அடுக்கு தேயிலைக்கு மேலே
மப்பு மாதிரி மிதந்தது.
ஒரு கழித்தல் குறி. இறங்கிவிட்டது.

பிதுருதலாகலை உச்சியைப் பிடித்துத்தான்
இந்தத் தீவின் அளவெல்லாம் எண்ணுகிறார்கள்.
அங்கிருந்து எண்ணி வந்து
ஏழாம் நம்பர் மலையின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்,
மில்லிமீட்டர் வரைக்கும்.
இரண்டு கோடியே பதினான்கு லட்சம் புள்ளிகள்.
பீலியின் வளைவுக்கு விலாசம் உண்டு.
கூரைத் தகரம் பறக்காமல் வைத்த கல்லுக்கும் உண்டு.
எனக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதம்
தோட்டத்து ஆபீசில் கிடந்து,
பதிவு முடிந்து ஒன்பதாம் நாள்
லயத்துக்கு இறங்கி வந்தது.

அடைவுகளுக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.
பிரிவு, மலை, லயம், காம்பரா.
நடுவில் சாய்கோடு மட்டும் போட்டேன்.
வெள்ளைக்காரன் போட்ட ஒழுங்கு அச்சொட்டாகப் பொருந்தியது.
பொருந்தியது எனக்குப் பிடிக்கவில்லை.
மாற்றினால் புஷ்பமேரிக்கு விளங்காது.
மழைமானியும் அளவைக் கிணறும் பார்ப்பது அவர்தான்.
விட்டுவிட்டேன்.

நேற்றிரவு மலை எழுந்தது.
சுழற்றினேன். கொழுந்துப் பச்சை, லயங்களின் நேர்கோடு,
அடியில் நீலத் துணியாய் நிலத்தடி நீர்.
நான்காம் லயத்துக்குப் பின்னால் அந்தத் துணி
ஒரே இடத்தில் கீழே போனது.
போய்க்கொண்டே இருந்தது,
கடலடியையும் தாண்டி,
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மீட்டர்.

தினூக தனக்குத் தெரிந்த தமிழில் போனில் சிரித்தான்.
“அது அளவு இல்லை அக்கா.
அளவு இல்லை என்று சொல்கிற எண்.
மெஷினுக்குச் சொல்லவில்லையா?”
சொன்னேன். குழி மூடியது.
மூடிய இடத்தில் சாம்பல் நிறம்.

ஐப்பசியில் பதினொரு நாள்.
முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் பிடித்து
நடுவில் நூல் கட்டலாம்.
மென்பொருளே கட்டித் தரும், வழுவழுவென்று,
யாருக்கும் தெரியாது.
புஷ்பமேரியிடம் கொப்பியைக் கேட்டேன்,
படம் பிடித்து அனுப்பினார்.
பதினொரு கட்டத்திலும் கோடு. ஓரத்தில் பென்சில்:
‘சம்பளப் போராட்டம். பெரட்டு இல்லை.
கிணத்துப் பக்கம் போக தொர ஆளுங்க விடல.
ராவுல சத்தம் கேட்டிச்சு,
உள்ளுக்க, கல்லு அரைக்கிற மாதிரி.’

சத்தத்துக்கு என்னிடம் நிரல் இல்லை.
அலகும் தெரியாது.
குறிப்பு என்கிற கட்டத்தில்
அவர் எழுதியபடியே தட்டினேன், எழுத்துப் பிழை பார்க்காமல்.
பிறகு நிற விளக்கப் பட்டியைத் திறந்தேன்.
சாம்பலுக்கு நேரே ‘தரவு இல்லை’ என்றிருந்தது.
அழித்துவிட்டு எழுதினேன்:
‘அளக்க விடவில்லை’.

சிங்களத்தில் இதை எப்படி எழுதுவது என்று
தினூகவுக்குத் திரும்ப எடுத்தேன்.
கொஞ்ச நேரம் பேக்கரி அடுப்பின் இரைச்சல் மட்டும்.
பிறகு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.

சேமித்தேன்.
பெயரில் ‘கடைசி’ போடவில்லை.
வெளியே தூறல் பிடித்திருந்தது.